விழப் பழகும் மணல்

மீஞ்சூரில் இருக்கும் நண்பரின் மகளுக்கு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்கு அவள் உடம்பைத் தயார் செய்கிறவர் என்றுதான் நண்பர் மாஸ்டரை எனக்கு அறிமுகப்படுத்தினார். ராணுவத்தின் பாராசூட் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பகலில் துறைமுக வட்டாரத்தில் சேஃப்டி வேலை, விடிகாலையில் காட்டுப்பள்ளிச் சவுக்குத் தோப்பு மணலில் வகுப்பு. ஒரு பக்கம் பணம் கட்டிக் குதிக்கப்போகும் கல்லூரிப் பிள்ளைகள். இன்னொரு பக்கம் கூலிக்குச் சாரம் ஏறப்போகும் புதுப் பையன்கள். இரண்டு கூட்டத்துக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: விழுவது.

இடுப்புயர மரமேடையிலிருந்து ஒவ்வொருவராகக் குதிக்கிறார்கள். பாதங்கள் ஒட்டியிருக்க வேண்டும், முட்டி லேசாக மடங்க வேண்டும், மோவாய் நெஞ்சில் பதிய வேண்டும். பாதம் மண்ணைத் தொட்டதும் உடம்பு பக்கவாட்டில் சரிந்து, கெண்டைக்கால், தொடையின் வெளிப்புறம், புட்டம், முதுகின் ஓரம் என்று அந்த அடியை வரிசையாக வாங்கிக்கொள்கிறது. கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். “பூமி தேடி வரும். நீ கையை நீட்டி அத தடுக்காத” என்கிறார்.

மாஸ்டர் இதைக் கற்றது ஆக்ராவில், விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளியில். முதலில் தரைப் பயிற்சி, பிறகு ஐந்து முறை குதிக்க வேண்டும், அதன்பின்தான் சிறகுச் சின்னம். 2015 ஆகஸ்டில் தோனி அங்கே பயிற்சி எடுத்து, ஏ.என்.-32 விமானத்திலிருந்து 1250 அடி உயரத்தில் முதல் முறை குதித்தார். உலகக் கோப்பை வென்ற கேப்டனும் தரையில் உருண்ட பிறகுதான் விமானம் ஏறினார் என்று மாஸ்டர் பையன்களிடம் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடுகிறது.

நண்பரின் மகள் மணலில் குப்புறப் படுத்து, இடுப்பை அழுத்தி, தலையையும் கைகால்களையும் தூக்கி வில்லாக வளைகிறாள். காற்றில் கவிழாமல் விழுவதற்கான நிலை இது. அடுத்து மல்லாந்து, இரண்டு காலையும் நீட்டித் தூக்கிப் பிடிக்கிறாள். பயிற்றுநரோடு சேர்ந்து குதிக்கிறவர்கள் தரையிறங்கும்போது காலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். வயிற்றில் வலு இல்லாவிட்டால் கால் தொங்கும், தொங்கிய கால் முதலில் மண்ணில் மோதும்.

கடலோரக் குப்பத்துப் பையன் ஒருவன்தான் என் கண்ணை இழுத்தான். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு கட்டுமரத்தில் போனவன். கால் தானாகவே அகலும். அலையில் நிற்க அதுதான் சரி. விழும்போது அதுவே ஆபத்து, முதலில் படும் ஒற்றைக் கால் உடம்பின் முழு எடையையும் வாங்கும். “சேத்து வைடா, ரெண்டு முட்டியும் ஒட்டணும்!” மாஸ்டர் அவன் முட்டிகளுக்கு நடுவில் ஒரு துண்டைச் சொருகினார். துண்டு விழுந்துகொண்டே இருந்தது. “பழக்கம் மாஸ்டர், கால் கேக்க மாட்டேங்குது” என்றான். திட்டவே இல்லை அவர். துண்டை எடுத்து மறுபடி சொருகினார்.

பிறகு சாரம் ஏறுகிறவர்களுக்கான பெல்ட்டை எடுத்தார்கள். முழு உடம்பையும் பிடிக்கும் ஹார்னஸ்தான், வேலைக்காரர்கள் வாயில் பெல்ட்டு. முடிச்சுகளைப் பற்றியும் நிறையச் சொன்னார், அது எனக்குப் பிடிபடவில்லை. பெல்ட் பார்க்கும் முறையை மறக்க முடியாது. பட்டையை இரு கைகளால் பிடித்துக் கவிழ்த்து வளைக்கிறார். வளைவின் முதுகில் அறுந்த இழைகள் முள்ளாக எழுந்து நிற்கும். வெல்டிங் பொறி பட்ட இடம் கறுத்து இறுகியிருக்கும். விழுந்தவனை ஒருமுறை தாங்கிய பெல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது. பெல்ட்டின் கயிற்றோடு இருக்கும் பொதியில் மடித்துத் தைத்த பட்டை, தையல் பிரிந்து பிரிந்துதான் வேகத்தை உறிஞ்சுகிறது. பிரிந்த தையல் அடுத்தவனைக் காக்காது.

பெல்ட் தாங்கிவிட்டால் உயிர் தப்பியாயிற்று என்றும் நினைக்கக் கூடாது. அசையாமல் தொங்குகிறவனின் தொடைப் பட்டைகள் இறுகி, ரத்தம் காலிலேயே தேங்கும். நிமிடங்களில் மயக்கம் வரலாம். அதனால் பையன்களைத் தோப்பின் இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு, ஆள் வந்து இறக்கும்வரை காலை ஆட்டிக்கொண்டே இருக்கப் பழக்குகிறார்.

இதற்கெல்லாம் நாள் வேண்டும். அந்த நாளுக்குக் கூலி வேண்டும். அங்கேதான் கை வைக்கிறார்கள் இடைத்தரகர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வருகிறவனிடம் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு அன்றைக்கே மேலே ஏற்றுகிறவர்களைப் பற்றி மாஸ்டர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. பெல்ட்டுக்குப் பிடித்தம், தங்குமிடத்துக்குப் பிடித்தம், கேட் பாஸ் வரும்வரை சும்மா இருந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. இடுப்பை மட்டும் சுற்றும் பழைய பெல்ட்டைக் கொடுத்து அனுப்புகிறவனும் இருக்கிறான். விழுந்தால் அது வயிற்றையே நசுக்கும். ஆகாயத்திலிருந்து ஆசைக்குக் குதிக்கிற பிள்ளைக்கு இரண்டாவது பாராசூட்டும் உண்டு, தேர்ந்த ஒருவர் கட்டி அணைத்துக்கொண்டும் குதிக்கிறார். பிழைப்புக்காக ஏறுகிறவனுக்கு ஒரு நாள் மணலைக்கூடத் தர மறுப்பது அவன் உயிரைத் திருடுவது. கமிஷனில் கொழுக்கிற யாரையும் இதைக் கணக்குப் பிசகு என்று சொல்லித் தப்பிக்க விடக் கூடாது.

பேசிக்கொண்டிருக்கையிலேயே மாஸ்டருக்குப் போன் வந்தது. புது ஆட்கள் வந்திருக்கிறார்களாம், மதியமே உயர வேலைக்குப் பாஸ் வேண்டுமாம், ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

“ஆளுங்கள நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு இங்க அனுப்பு. அந்த நாளுக்கும் கூலி போட்டேன்னு எழுதிக் குடு. அப்புறம் ஃபாரத்த நீட்டு” என்று வைத்துவிட்டு, குப்பத்துப் பையனை மறுபடி மேடையில் ஏறச் சொன்னார்.