சுவர் காட்டும் கோடு

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் ஒரு பழைய மாடி வீடு. மேல்மாடிக் குளியலறையிலிருந்து இரண்டு எஸ்லோன் பிளாஸ்டிக் குழாய்கள் சாப்பாட்டறை மூலை வழியாக இறங்கின. அவற்றை மறைக்கப் பலகைப் பெட்டி அடிக்க ஓடாவியார் வந்திருந்தார். தச்சருக்கும் தோணி கட்டுபவருக்கும் இங்கே ஓடாவி என்றே பெயர்.

வீடு எழுந்தபோது தண்ணீர் வளவுக் கிணற்றில்தான் இருந்தது. குழாய் பிறகு வந்தது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரைக் கொத்திப் புதைக்கப் போனால் கல்லும் சாந்தும் சேர்ந்தே உதிரும். ஆகவே வெளியே ஓடவிட்டு மூடுகிறார்கள். அந்தச் சுவரோ நேராக இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு சீமெந்து பூசிய இடம் என்று வீட்டுக்கார அம்மா காட்டிய பகுதி வயிறு தள்ளி நின்றது. அதன் கீழே பழைய பூச்சு உள்வாங்கியிருந்தது.

"நேர்ப்பலகையை வைச்சு, இடைவெளிக்குப் புட்டி அடைச்சா என்ன?" என்று கேட்டேன்.

"வெடிச்சிரும் மனே. மரம் மாரியில ஊதும், கோடையில சுருங்கும். சுவர் அப்பிடியே நிக்கும்."

தூக்குக்குண்டு விட்டு, சுவரில் சட்டங்களை நிறுத்தினார். சட்டம் சுவரைத் தொடாத இடங்களில் மரச்சீவலைச் செருகி நிமிர்த்தினார். பிறகு, வேண்டுமென்றே அகலம் கூட்டி அறுத்திருந்த பலகையைச் சுவரோடு செங்குத்தாகப் பிடித்து, ஆகக்கூடிய இடைவெளியை அளந்தார். 12 மில்லிமீற்றர். அதே கனத்தில் ஒரு மரத்துண்டு எடுத்து, பென்சிலை அதன் ஓரத்தில் ஒட்டி, சுவரைத் தடவியபடி மேலிருந்து கீழே இழுத்தார். துண்டு சற்றுச் சரிந்தாலும் கோடு பிழைத்துவிடும். சுவரின் வயிறும் பள்ளமும் அப்படியே பலகையில் இறங்கின.

கோட்டுக்கு மயிரளவு வெளியே வாள் ஓடியது. மிச்சத்தைச் சீவுளியும் அரமும் எடுத்தன. பின்பக்கத்தைக் கொஞ்சம் சரித்துச் சீவினார். சுவரைத் தொடவேண்டியது முன்விளிம்பு மட்டுமே. பின்னாலுள்ள மரம் எங்காவது முட்டினால் முன்னால் இடைவெளி விழும்.

ஜப்பானியத் தச்சர்கள் பண்படுத்தாத கல்லின்மேல் தூண் நிறுத்தும்போது, கல்லைத் தொடமாட்டார்கள். தூணின் அடியைக் கல்லின் மேடுபள்ளத்துக்கு இணங்கச் செதுக்குவார்கள். முன்னமே நிற்பதற்குப் பின்னால் வருவது இணங்கவேண்டும் என்ற அந்த மரியாதையை இந்த மூலையிலும் கண்டேன்.

உப்புக் காற்றில் இரும்பாணி துருப்பிடித்து வண்ணத்தில் கறை ஊறும் என்பதால் பித்தளைத் திருகாணிகள் போட்டார். ஈரம் ஏறாமலிருக்கப் பலகையின் அடி நிலத்திலிருந்து ஒரு விரல் உயரத்தில் நின்றது. குழாய் மூட்டுக்கு எதிரே கழற்றக்கூடிய ஒரு மூடி.

கடைசியில் உள்ளே டோர்ச்சை வைத்து அறை விளக்கை அணைத்தார். வயிற்றுக்குக் கீழே நூலளவு வெளிச்சம் கசிந்தது. பலகையைக் கழற்றி அரம் போட்டார். வெளிச்சம் தெரிந்த இடத்தில் அல்ல, மேலே முட்டிக்கொண்டிருந்த இடத்தில். மறுபடி வைத்தபோது சுவரோரம் முழுதும் இருட்டு.

பிறகு மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதினார்: எது நல்ல தண்ணீர், எது கழிவு, மூட்டு எந்த உயரத்தில்.

"இது ஆருக்கு?" என்றேன்.

"எனக்குப் பிறகு இதைக் கழட்ட வாறவருக்கு."