பத்தொன்பது என்று சொன்ன பையன்

2017-இல் தென்மாவட்டக் கிளைச் சிறை ஒன்றுக்கு வட்ட சட்டப் பணிகள் குழு சார்பில் போய்வந்துகொண்டிருந்தேன். வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாத ரிமாண்ட் கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை. வரிசையில் நின்றவர்களில் ஒருவனுக்கு மீசையே சரியாக அரும்பவில்லை. வயதைக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் “பத்தொன்பது சார்” என்றான்.

வயதை இவ்வளவு வேகமாகச் சொல்கிறவன் அதை மனப்பாடம் செய்திருப்பான். எதுவரைக்கும் படித்தாய் என்று பேச்சை மாற்றினேன். ஒன்பதாவதில் பாதியில் நின்றுவிட்டானாம். கூடப் படித்தவர்கள்? “இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடிச்சாங்க சார்.” கணக்கு உதைத்தது. கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது.

“ஏட்டய்யாதான் சொன்னாரு சார். பத்தொன்பதுன்னு சொன்னா அண்ணங்களோட சேர்ந்து ஜாமீன்ல வந்துரலாம். இல்லேன்னா சீர்திருத்தப் பள்ளியில மூணு வருஷம் பூட்டிப் போட்ருவாங்களாம்.”

அந்த ‘அண்ணன்கள்’ இருவரும் இருபதைத் தாண்டியவர்கள். மூவர் மேலும் இரு சக்கர வாகனத் திருட்டு வழக்கு, இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 379. மெக்கானிக் கடையில் எடுபிடியாக இருந்த இவன் பங்கு, திருடிய வண்டியின் நம்பர் பிளேட்டைக் கழற்றியது.

ஏட்டு சொன்னது அப்படியே தலைகீழ். பதினெட்டு நிரம்பாதவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது; 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். ஜாமீனில் வர முடியாத குற்றமானாலும் அவனைப் பெற்றோருடன் அனுப்புவதுதான் விதி; மறுப்பதென்றால் குழுமம் காரணம் எழுதியாக வேண்டும். இத்தனை பாதுகாப்பும் கைதுக் குறிப்பில் வயது என்ற இடத்தில் எழுதும் இரண்டு இலக்கத்தில் தொங்குகிறது. ராத்திரி வீட்டில் வைத்து ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட் தலையை நிமிர்த்திப் பையனின் முகத்தைப் பார்த்தால் பாதிப் பிழை அங்கேயே திருந்திவிடும். பார்த்த மாஜிஸ்திரேட்டுகளும் உண்டு. இவனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

போலீஸ் கையில் இருந்த ஆதாரம், ஆதார் அட்டை. அதில் பிறந்த தேதி 01.01.1998. ஆதார் முகாமில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வருஷம். தேதி தெரியாவிட்டால் ஜனவரி ஒன்று. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த அவன் அம்மாவை வரச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழ் இல்லை, வீட்டிலேயே பிறந்தவன். “கோயில் கொடைக்கு மறுவாரம் பொறந்தான்யா, வருஷம் தெரியலையே” என்றார்.

அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த தொடக்கப் பள்ளிக்கே போனோம். தலைமையாசிரியர் பீரோவிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் போட்டார். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்த நோட்டு. பெயருக்கு நேரே 25.05.2000; கீழே அம்மாவின் இடது பெருவிரல் ரேகை. சம்பவத்தன்று அவனுக்குப் பதினேழு வயதும் சில வாரமும்.

இந்தப் பதிவேட்டை வைத்து நீதிமன்றத்துக்குப் போனோம். அரசு வக்கீல் சும்மா விடவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்களாக இருந்ததைச் சுட்டிக்காட்டி, வாத்தியார் உத்தேசமாகப் போட்ட தேதி இது, எலும்புப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்றார். அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிவிட்டு மே, ஜூனில் ஒரு தேதியைப் போடுவது நம் ஊர்ப் பள்ளிகளில் நடந்ததுதான். ஆனால் 94-ஆவது பிரிவு வரிசையைத் தெளிவாக வகுத்திருக்கிறது: முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. எலும்பு சொல்லும் வயது இரண்டு வருஷம் முன்பின் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லியிருக்கிறது. பதினேழா பத்தொன்பதா என்ற கேள்விக்கு அந்தத் தராசு உதவாது.

தலைமையாசிரியர் கூண்டேறிப் பதிவேட்டைக் காட்டினார். மாஜிஸ்திரேட் அதை ஏற்று வழக்கைக் குழுமத்துக்கு அனுப்பினார். சிறையிலிருந்து கூர்நோக்கு இல்லம்; அந்த வாரமே அம்மாவுடன் வீடு.

குழுமத்தில் மாஜிஸ்திரேட் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர். கூண்டு கிடையாது, மேஜையைச் சுற்றி நாற்காலிகள்தான். பையன் ஒன்றையும் மறைக்கவில்லை. நன்னடத்தை அலுவலர் அவன் வீட்டுக்கும் மெக்கானிக் கடைக்கும் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அறிவுரை, சில வாரம் சமூக சேவை, அம்மாவின் பொறுப்பில் விடுவிப்பு என்று உத்தரவானது. அண்ணன்களின் வழக்கு தனியே நடந்தது; பெரியவர்களோடு சேர்த்துச் சிறுவனை விசாரிக்கச் சட்டம் இடம் தராது.

நடந்த குற்றத்தால் பையனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும் என்கிறது 24-ஆவது பிரிவு. ஆனால் அடுத்த வருஷம் ஊரில் ஒரு வண்டி காணாமல் போனதும் காவலர் ஒருவர் நேராக அவன் வீட்டு வாசலில் நின்றார். குழுமத்தின் உத்தரவு நகலோடு நிலையத்துக்குப் போய்ப் பேசிய பிறகுதான் விட்டார்கள். சட்டம் மறந்தாலும் நிலையத்து ஏட்டுப் புத்தகம் மறப்பதில்லை. இந்தப் பிரிவு ஒழுங்காக அமலாவதை என் அனுபவத்தில் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

வயதுக்கு ஆதாரை நம்ப முடியாது, பள்ளிச் சான்றுதான் பொருந்தும் என்று 2024-இல் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 மார்ச்சில், புனே கொலை வழக்கு ஒன்றில் தூக்குத் தண்டனை பெற்று 28 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தவரை, சம்பவத்தின்போது அவருக்கு வயது பன்னிரண்டுதான் என்று பள்ளிப் பதிவேட்டை வைத்து அதே நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்புக்குப் பிறகும், எந்தக் கட்டத்திலும் வயதை எழுப்பலாம் என்ற 9-ஆவது பிரிவின் பலன் அது.

உங்கள் தெருப் பையன் யாரையாவது போலீஸ் கூட்டிப்போனால், முதலில் அவன் படித்த பள்ளிக்குப் போய்ச் சான்று வாங்குங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.