இரு கால்வாய்கள்

தரவு அறிவியலா, புராடக்ட் மேனேஜ்மென்ட்டா எனப் பொறியியல் முடித்த எம் மகள் தடுமாறினாள். கல்விக்கடன் நிற்கையில், சம்பளத்தைப் பாருங்கள் என்றனர் உற்றார். நாங்களோ ஸ்ரீவைகுண்டம் அணையைக் கொண்டு விளக்கினோம்.

நீர்மட்டத்தை அளந்து வரத்தைக் கணிப்பவர் ஒருவர். உழவரும் பொறியாளரும் கூறுவதைக் கேட்டு, எப்போது திறப்பதென முடிவுசெய்பவர் மற்றொருவர். முன்னது தரவுப் பணி. புள்ளியியலும் நிரலாக்கமும் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் வீட்டிலிருந்தே அவற்றைக் கற்கலாம். பின்னது, மக்களின் தேவையறிந்து ஒரு பொருளை உருவாக்கச் செய்யும் பணி. பலர் சில ஆண்டு அனுபவம் பெற்றே அதற்கு வருகின்றனர்.

தாமிரபரணியின் இக்கடைசி அணையில் வடகாலில் புகுந்த நீர் தென்காலுக்குத் திரும்பாது. தொழில் அவ்வாறன்று; தரவில் தேர்ந்தவர் பின்னர் மாறலாம். இதனை அறிந்ததும் மகளின் அச்சம் நீங்கியது; தனக்கு இயல்பான எண்களையே தேர்ந்தாள்.

பெற்றோரே, பிள்ளைகளிடம் சம்பளத்திற்கு முன் நாட்டத்தைக் கேட்போம்.