மொட்டை மாடியில் வைகை!

பயணக் கட்டுரை என்றால் எழுதுகிறவர் எங்கேயாவது போயிருக்க வேண்டும். நான் போனது எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து மொட்டை மாடி வரை. மொத்தம் பதினெட்டுப் படி. செலவு, சூடம் சர்க்கரை உட்பட நாற்பது ரூபாய். பி.காம். படித்தவன் ஸார், கணக்குத் தப்பாது!

வருஷம் 2020. மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். ராத்திரி இரண்டு மணிக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்கிற ஊர். அந்த ஊரை மார்ச் 25ஆம் தேதி அரசாங்கம் தட்டித் தூங்க வைத்தது. அதே நாளில்தான் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணமும் நிகழ்ந்தது... எங்கள் ஊர் ராஜாஜி மருத்துவமனையில். அதற்கப்புறம் தும்மினவனைப் பார்த்தால் சொந்தக்காரனும் எதிர் பிளாட்பாரத்துக்குப் போனான். ஏப்ரல் 26 முதல் 29 வரை மளிகைக் கடையும் கிடையாது, முழு ஊரடங்கு.

பனி கொட்டுகிற தேசங்களில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்களாம். எங்களுக்கு அந்தக் 'குளிர்காலம்' கத்திரி வெயிலில் வந்து சேர்ந்தது.

செல்லூரில் எங்கள் வீடு. ஒரு ஹால், இரண்டு அறை, ஆறு பேர். முதல் வாரம் கேரம். சிவப்புக் காய் ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனதோடு அது முடிந்தது. அடுத்தது தாயம். புளியங்கொட்டையைத் தேய்த்து அம்மாவே கட்டை தயார் செய்தார். மூன்று நாளில் என் சகதர்மிணியிடம் பதினொரு ஆட்டம் தோற்றேன்.

"கீழடியில தோண்டினப்ப தாயக்கட்டை, சுட்ட மண்ணுல செஞ்ச சில்லு, ஆட்டக்காய் எல்லாம் கிடைச்சதுடா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே நம்ம பக்கத்து ஆளுங்க இதை விளையாடியிருக்காங்க" என்றேன் மகனிடம், தோல்வியை மறைக்க.

எட்டு வயசுப் பயல் யோசித்தான். "அப்ப அவங்களுக்கும் லாக்டவுனாப்பா?"

எல்லாரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயசு. எட்டு வயசிலிருந்து அழகர் ஆற்றில் இறங்குவதை ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. நான் பிறக்கிற சமயத்தில் அம்மாவைப் பிரசவ வார்டில் விட்டுவிட்டு ஆற்றுக்குப் போனவர். அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அழகர்கோயில் மலையிலிருந்து கிளம்பி வருகிறார் அண்ணன் அழகர். ஆற்றுக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் அப்படியே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். மதுரை ஜனங்கள் சொல்கிற கதை இது. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க வருகிறார் என்பது கோயில் சொல்கிற கதை. எங்களுக்கு இரண்டும் சம்மதம்.

அந்த வருஷம் திருவிழா ரத்து என்று அறிவித்தார்கள். மே 4ஆம் தேதி திருக்கல்யாணம் மட்டும் பக்தர்கள் இல்லாமல் நடந்தது, இணையத்தில் நேரலை. அம்மாவும் மனைவியும் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்தபடியே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "அண்ணன் வராத கல்யாணம் என்ன கல்யாணம்?" அதன் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. சாப்பாடும் பாதிதான்.

6ஆம் தேதி ராத்திரி இரண்டு மணி இருக்கும். கேட் சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

"எங்கப்பா?"

"சும்மா... காத்தாட."

"கையில சொம்போடயா?"

மாட்டிக்கொண்டார். "அவர் வராட்டி என்னடா... ஆறு அங்கனதான இருக்கு? பைய போயி நின்னுட்டு வந்துர்றேன்."

வழியெல்லாம் தடுப்பு, போலீஸ். அதைவிட, வெளியே காற்றில் என்ன இருக்கிறதோ என்கிற பயம். கத்திவிட்டேன். "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா தூக்குறதுக்கு நாலு பேருகூட வர மாட்டாங்கப்பா!"

சொல்லியிருக்கக் கூடாது. அப்பா ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

சத்தத்தில் பையன் எழுந்துவிட்டான். நேரே தாத்தாவிடம் போனான். "தாத்தா, அவர் எந்த வழியா வருவாருன்னு சொல்லுங்க. நம்ம வீட்டுக்கு வர வச்சுருவோம்."

பொழுது விடிந்தால் சித்ரா பௌர்ணமி. அடுப்படிதான் அழகர்கோயில். ஹால் மூன்றுமாவடி, அங்கே எதிர்சேவை. படிக்கட்டு தல்லாகுளம். பாப்பாவின் மரக்குதிரைதான் தங்கக் குதிரை, காலண்டரில் கத்தரித்த படம்தான் அழகர். ஆண்டாள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வர வேண்டும். எங்களுக்குத் துளசித் தொட்டியிலிருந்து வந்தது. ஃப்ரிட்ஜ், பீரோ, தையல் மிஷின் எல்லாம் மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் பானகம். தையல் மிஷின் மண்டகப்படியில் மட்டும் சுண்டல்.

பட்டு விஷயம்தான் முக்கியம். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் வருஷம் செழிக்கும் என்பது நம்பிக்கை. அம்மா நான்கு ரவிக்கைத் துணியைத் துண்டில் மூடிக் கொண்டுவந்தார். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினாள். பச்சை! அப்பா முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு வெளிச்சம்.

மாடியில் வைகை, அதாவது துணி ஊற வைக்கிற பெரிய டப். நான் துருத்திக்காரன். தோல் பைக்குப் பதில் தண்ணீர் பாட்டில், மூடியில் ஓட்டை. அப்பா சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்டினார். அழகர் இறங்கினார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோவிந்தா கோஷம் நாலு மாடிக்குப் பரவியது.

ராத்திரி தசாவதாரம். பத்து வேஷம் போட வேண்டிய பாப்பா வாமனரிலேயே தூங்கிவிட்டாள். அப்பா மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். எட்டு வயசில் ஆற்றுக் கூட்டத்தில் தொலைந்து போனது, முகம் தெரியாத ஒரு கிழவி புளியோதரை ஊட்டி விடிய விடிய மடியில் வைத்திருந்தது, மறுநாள் தாத்தா வந்து அழுதது. "அந்தக் கிழவி மறுபடி கண்ணுல படுமான்னுதாண்டா மொதல்ல வருசா வருசம் போனேன்."

முப்பத்தைந்து வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஏன் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதில்லை.

2021லும் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. மாடிக்கு வந்தார். அந்தத் தடவையும் பச்சை. எனக்குச் சந்தேகம். அம்மாவைத் தனியே விசாரித்தேன். "நாலுமே பச்சைதான். வீட்ல எழுபது வயசு தாண்டினவர வச்சுக்கிட்டு செவப்பு வருமோன்னு பாக்கச் சொல்றியா?"

2022, ஏப்ரல் 16. அழகர் நிஜ வைகையில் இறங்கினார். அப்பாவின் ஒரு கையை நானும் இன்னொரு கையைப் பையனும் பிடித்துக்கொண்டு போனோம். மூச்சு முட்டுகிற கூட்டம். எள்ளு போட்டால் எண்ணெயாகிவிடும். வெகு தூரத்தில் தங்கமாய் ஒரு புள்ளி அசைந்தது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

திரும்பி வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. செல்லூர் முனையில்தான் வாயைத் திறந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நம்ம மாடியில பாத்த மாதிரி அவ்வளவு கிட்டக்கப் பாக்க முடியலையேடா!"