ஓங்கிய கை

கொலை செய்தவனைச் சட்டம் தேடுகிறது. ஆனால், சட்டம் கண்டுபிடிப்பதற்கு முன்னரே அவனைக் கண்டுகொள்வது அவன் நெஞ்சம். இவ்வுண்மையைத் தமிழர் தொன்றுதொட்டே அறிந்திருந்தனர். வாய்மையைப் பற்றிப் பேசவந்த வள்ளுவர், பொய்யனைத் தண்டிக்கும் பொறுப்பை அரசனிடம் ஒப்படைக்கவில்லை. அவனவன் நெஞ்சிடமே ஒப்படைத்தார். பழையனூர் நீலியின் கதையோ வேறொரு வழியைக் காட்டியது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயுருக்கொண்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து பழிதீர்த்தாள். அவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தனர் என்பது வழக்கு. நெஞ்சம் தண்டிப்பது ஒரு வழி. பேய் தண்டிப்பது மற்றொரு வழி. கொலையையும் ஆவியையும் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பலவும் இவ்விரு வழிகளுள் ஒன்றையே தேர்ந்துகொள்கின்றன.

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிற்கும் லாபிஸிற்கும் இடையே அமைந்த சிற்றூர் சாஆ. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த அவ்வட்டாரத் தோட்டங்களில், தொலைக்காட்சிப் பெட்டி லயத்து வீடுகளுக்குள் நுழையாத காலத்தில், திடலில் காட்டப்படும் படமே மக்களுக்குத் திருவிழா. இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே பிள்ளைகள் பாயையும் சாக்கையும் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் திரையின் பின்புறம் அமர்ந்து, வலக்கை இடக்கையாகத் தெரியும் படத்தையும் குறைவின்றிக் கண்டு களிப்பார்கள்.

அந்நாளில் அச்சத்திற்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூரின் கேத்தே கெரிஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை வெளியிட்டது. மரியா மெனாடோ நடித்த அப்படத்தை இயக்கிய பி.என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். பிள்ளைப்பேற்றில் இறந்தவள் பேயாக அலைவாள் என்ற மலாய் மக்களின் நம்பிக்கை தோட்டத்துத் தமிழருக்கும் அந்நியமானதன்று. இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பால்மரக் காட்டின் ஒவ்வொரு மரமும் இரவில் ஒரு பெண்ணுருவாகத் தோன்றியதில் வியப்பென்ன?

ஆயினும், பேயே இல்லாமல் பேயைவிடப் பெரிதாக அச்சுறுத்திய படம் ஒன்று உண்டு. அது 1964இல் வெளிவந்த 'புதிய பறவை'. தாதா மிராசி இயக்க, சிவாஜி கணேசன், சரோஜாதேவி, சௌகார் ஜானகி ஆகியோர் நடித்த அப்படம், 1963இல் வந்த 'சேஷ் அங்கா' என்னும் வங்கப் படத்தைத் தழுவியது. கதையின் குற்றம் நிகழும் இடம் ஜொகூர் மக்களுக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூர். செல்வந்தனான கோபால் தன் மனைவி சித்ராவைச் சினத்தில் அறைகிறான். அவள் விழுகிறாள், எழவில்லை. உடலை இரயில் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலை என்று உலகை நம்பவைக்கிறான். பின்னர் வேறொரு பெண்ணை மணக்க முனையும் வேளையில், "நானே சித்ரா" என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் தன் மனைவியல்லள் என்று மெய்ப்பிக்க அவனிடம் எஞ்சியிருப்பது ஒரே சான்று. அது, தான் செய்த கொலை! வந்தவள் ஆவியல்லள்; காவல்துறையினர் விரித்த வலையின் ஒரு கண்ணி. அவனை அதுவரை ஆட்டிவைத்த பேய் அவன் நெஞ்சுக்குள்தான் இருந்தது.

அப்படத்தைத் தோட்டத் திடலில் கண்டவருள் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர். நல்ல உழைப்பாளி. ஆனால், சம்பள நாளன்று கள்ளுக்கடையிலிருந்து திரும்பும்போது மனைவிமேல் கை ஓங்குவது அவர் வழக்கம். லயத்து வீடுகளைப் பிரிப்பது பலகைச் சுவர். ஒரு வீட்டில் விழும் அடி அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கேட்டவர்கள் எவரும் ஏனென்று கேட்டதில்லை. குடும்ப வன்முறைக்கெனத் தனிச்சட்டம் மலேசியாவில் இயற்றப்பட்டதே 1994ஆம் ஆண்டில்தான்.

திரையில் அந்த ஓர் அறை விழுந்தபோது திடல் அடங்கிப்போயிற்று. அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி உறங்கும் குழந்தையை மடியில் கிடத்தியவாறு இறுதிவரை பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்று அவர் கேட்டார்.

"போலீஸ்காரங்க கொண்டுபோயிட்டாங்க. அவன் வாயாலேயே சொல்லிட்டான்."

"யாரும்தான் பார்க்கலையே. சொல்லாம இருந்திருக்கலாமே!"

"அவன் பார்த்தானே" என்றாள் அவள். அவ்வளவுதான். குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு விளக்கைத் தணித்தாள்.

அன்றோடு அவர் குடியை விட்டாரா என்றால், இல்லை. கள்ளுக்கடை மேலும் சில ஆண்டுகள் அவரை இழுத்தது. கை மட்டும் பின்னர் ஓங்கவேயில்லை. ஆனால், மன்னிப்பு என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதை அவர் சொல்ல விரும்பியபோது, கேட்க வேண்டியவள் மண்ணுக்குள் இருந்தாள். முதுமையில் பேரப்பிள்ளைகளிடம் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் தம் வலக்கையை இடக்கையால் பற்றிக்கொள்வார். கோபாலுக்கு வாய்த்த அந்த இறுதிக் காட்சி அவருக்கு வாய்க்கவில்லை.

அண்மைக் காலப் படங்கள் நீலியின் வழியையே பெரிதும் நாடுகின்றன. ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்து 2011இல் வந்த 'காஞ்சனா'வில், நிலத்திற்காகக் கொல்லப்பட்ட திருநங்கை இன்னொருவன் உடலில் புகுந்து பழிவாங்குகிறாள். இதனை இகழ்வதற்கில்லை. நீதிமன்றத்தின் கதவு எவருக்குத் திறக்கவில்லையோ, அவருக்குப் பேயே வழக்கறிஞர், பேயே நீதிபதி. எளியவரின் ஏக்கம் அக்கதைகளில் குரல் பெறுகிறது. ஆனால், அங்கே கொலைகாரன் நடுங்குவது தான் செய்ததை எண்ணியன்று. தனக்கு நேரப்போவதை எண்ணியே. அச்சம் வேறு, குற்றவுணர்வு வேறு. அச்சம் கதவைத் தாழிடச் சொல்லும். குற்றவுணர்வோ கதவைத் திறந்து, பிழை செய்தேன் என்று சொல்லச் சொல்லும்.

"பொய் சொன்னால் பேய் பிடிக்கும்" என்று பிள்ளைகளை மிரட்டி வளர்ப்பவர்கள் இவ்வேறுபாட்டைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். பேய் இல்லை என்று தெளியும் நாளில் அப்பிள்ளைகளுக்குப் பொய் இனித்துவிடும். ஒருவரும் காணாத இடத்திலும் தன்னைத் தான் கண்டுகொண்டிருப்பதை உணர்ந்த பிள்ளையோ எந்நாளும் தவற அஞ்சும். தவறினாலும், கேட்க வேண்டியவர் இருக்கும்போதே அதை ஒப்புக்கொள்ளும். எழுத்தறியாத அத்தாய் விளக்கைத் தணிக்குமுன் சொன்ன ஒரு சொல்லில் இப்பாடம் முழுவதும் அடங்கியிருந்தது.