ஃப்ளட்டர் செயலிகளில் அடுக்குக் கட்டமைப்பு

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் ஒரே நிரலை எழுத உதவும் கூகுளின் ஃப்ளட்டர், 2018 டிசம்பரில் 1.0 பதிப்பாக வெளிவந்தது. ராபர்ட் சி. மார்ட்டின் 2012இல் விளக்கிய ‘க்ளீன் ஆர்க்கிடெக்சர்’ ஃப்ளட்டர் செயலிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இதில் செயலியைப் பொதுவாக மூன்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள். திரைகளும் பட்டன்களும் அவற்றின் நிலையும் காட்சி அடுக்கு. செயலியின் விதிகள் டொமைன் அடுக்கு. சர்வரோடும் டேட்டாபேஸோடும் பேசுவது தரவு அடுக்கு. மற்ற இரண்டும் டொமைனைச் சார்ந்திருக்கும். டொமைன் எதையும் சாராது.

ஒரு நூலகச் செயலியை எடுத்துக்கொள்வோம். ‘ஒருவருக்கு மூன்று புத்தகங்கள்தான்’ என்ற விதி, டொமைனில், ஃப்ளட்டரின் நிரல்மொழியான டார்ட்டில் எழுதிய ஒரு சாதாரண கிளாஸாக இருக்கும். அந்தக் கோப்பில் ஃப்ளட்டர் இம்போர்ட் ஒன்றுகூட இருக்காது. புத்தகப் பட்டியலைத் தரும் ‘ரெப்பாசிட்டரி’ எப்படி இருக்க வேண்டும் என்ற அறிவிப்பு மட்டும் அங்கே இருக்கும். சர்வர் அனுப்பும் ஜேசனைப் பிரித்து, புத்தகமாக மாற்றித் தருவது தரவு அடுக்கின் வேலை. இணையம் இல்லாதபோது எஸ்க்யூலைட்டில் சேமித்ததை எடுத்துத் தருவதும் அங்கேயே முடிந்துவிடும். பட்டியல் எங்கிருந்து வந்தது என்று திரைக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதனால் விதிகளை எமுலேட்டர் இல்லாமலேயே சில நொடிகளில் சோதிக்கலாம். சர்வர் மாறினாலும் திரைகளில் கைவைக்க வேண்டாம். கேமரா, நோட்டிஃபிகேஷன் போன்று தளத்துக்குத் தளம் மாறுபவையும் டொமைனுக்கு வெளியே உள்ள அடுக்குகளோடு நின்றுவிடும்.

கோப்புகள் பெருகுவது இதற்கான விலை. இரண்டு திரைச் செயலிக்கு இது தேவையில்லை. பலர் சேர்ந்து பல ஆண்டுகள் பராமரிக்கப்போகும் செயலிக்கு, முதல் நாளிலேயே அடுக்குகளைப் பிரித்துவிடுவதே நல்லது.