ஹோட்டன் சமவெளியில் மூன்று இரவுகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறந்து வளர்ந்தோருக்குக் கடல் அடுத்த வீடு. மலையோ தூரத்து உறவு. மாலையானதும் புகையிரதப் பாதையைக் கடந்து கடற்கரையிற் போய் நிற்பது நமக்குப் பழக்கம். நாளுக்கு நான்கு முறை தேநீர் பருகினோமாயினும், அத்தேயிலை விளையும் மலையை நம்மிற் பலர் படத்திலேதான் கண்டிருந்தோம். விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, வகுப்பறைக்குள் நிகழ்ந்தவற்றை எழுதப் பிறர் பலர் உளர் என்று எண்ணி, வகுப்பறைக்கு வெளியே, கடல்மட்டத்துக்கு ஏழாயிரம் அடி மேலே, நாம் கற்ற பாடத்தை எழுதத் துணிந்தோம்.

1969 ஆம் ஆண்டு சனவரி மாதத்து முதல் வாரம். பாடசாலை விடுமுறையின் கடைசி நாட்கள். நாம் எண்மர் ஹோட்டன் சமவெளியிற் கூடாரமடித்து மூன்று இரவுகள் தங்குவதெனத் தீர்மானித்தோம். எழுவர் கொழும்புப் பிள்ளைகள். எட்டாமவர் ஒகியாவுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். கொட்டாஞ்சேனையிற் கடை வைத்திருந்த மாமன் வீட்டில் தங்கி நம்மோடு படித்தவர். வகுப்பில் அதிகம் பேசாதவர். பயணத் திட்டம் முழுவதும் அவருடையதே. அவர் பெயரை இங்கே எழுதாது, நண்பர் என்றே குறிப்பிடுகின்றோம்.

கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவுத் தபால் வண்டியில் ஏறினோம். இரவல் வாங்கிய இரண்டு கன்வஸ் கூடாரங்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு அரிக்கன் விளக்குகள், அரிசி, பருப்பு, தேங்காய், கருவாடு ஆகியவை நம் மூட்டைகள். நானுஓயாவரை 1885 இலும், அப்புத்தளைவரை 1893 இலும், பதுளைவரை 1924 இலும் இப்பாதை நீட்டப்பட்டது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகிய பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்திலுள்ளது. அதைத் தாண்டிச் சுரங்கமொன்றினூடாகச் சென்றால் ஒகியா. விடியற்காலையில் அங்கே இறங்கியபோது, நம் வாயிலிருந்து புகைபோல் மூச்சு வெளிவருவதை முதன்முதலாகக் கண்டு சிறுபிள்ளைகள்போற் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை. “இன்னும் மேலே போக வேண்டும். இது குளிரே இல்லை” என்றார்.

ஒகியாவிலிருந்து சமவெளிக்கு ஏறத்தாழ ஏழு மைல் நடை. போகும் வழியில் நண்பர் தம் லயத்துக்கு நம்மை அழைத்துச் சென்றார். வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றையறை வீடுகள். முன்னே சிறு வராந்தா. கூரையின்மேல் அடுப்புப் புகை. நண்பரின் அம்மாயி வெளியே வந்து நம் உடைகளை மேலும் கீழும் பார்த்தார். “கொழும்புத் துணி இந்தக் குளிருக்குக் காணாது தம்பி” என்று கூறி, உள்ளே சென்று மூன்று கம்பளிகளை மடித்துக் கொணர்ந்து நம் கையில் வைத்தார். ஒரு கட்டுக் காய்ந்த விறகும் தந்தார். மலையிற் கிடக்கும் விறகு ஈரமாகவே இருக்குமென்றும், முதல் நெருப்புக்குக் காய்ந்தது வேண்டுமென்றும் சொன்னார். வெறுந்தேநீரும் ரொட்டியும் உண்டு, விறகைப் பங்கிட்டுச் சுமந்து மேலேறினோம்.

ஹோட்டன் சமவெளியைச் சிங்களத்தில் மகா எலிய என்பர். பெருவெளி என்பது அதன் பொருள். 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் அதற்கு இட்டனர். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அவ்வெளியின் ஓரங்களில், இலங்கையின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகிய கிரிகல்பொத்தவும் (2,388 மீற்றர்) மூன்றாவதாகிய தொட்டுபொலவும் (2,357 மீற்றர்) நிற்கின்றன. காற்றினால் வளைந்து குறுகிய மரங்களும், அவற்றின் கிளைகளிலே தாடிபோற் தொங்கும் பாசியும், இடையிடையே கண்ணுக்கெட்டும்வரை புல்வெளியும் கண்டோம். மாலை மங்கியதும் மரைக் கூட்டம் புல்மேய வெளியே வந்தது.

கூடாரமடிக்க இடம் தேடியபோது, ஓடையருகே காற்றுப் படாத பள்ளமொன்று நமக்கு மிகவும் பிடித்தது. தண்ணீர் பக்கத்தில், நிலமும் மெத்தை போன்றது. நண்பர் மறுத்தார். “பள்ளத்திலே படுக்கக் கூடாது. அங்கேதான் பனி வந்து படுக்கும்” என்று கூறிச் சரிவின் நடுவே மரங்களை அண்டிய மேட்டைக் காட்டினார். மூட்டைகளை மறுபடியும் தூக்குவது சிலருக்கு விருப்பமில்லை, ஆயினும் சென்றோம். மறுநாட் காலையில் அப்பள்ளம் முழுவதும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்மையாயிருந்தது. புல்லை மிதித்தால் நொறுங்கிற்று. நாம் தங்கிய மேட்டில் வெறும் ஈரம் மட்டுமே.

பௌதிகவியல் படித்தோர்க்கு இதன் காரணம் விளங்கும். முகிலற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கின்றது. நிலத்தைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, நீர்போற் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகின்றது. ஆகையால் உறைபனி முதலிற் பள்ளத்திலேதான் விழும். நம் பாடநூலில் இருந்த செய்தி இது. நம்முள் ஒருவருக்கும் அவ்வேளையில் நினைவு வரவில்லை. நண்பரோ அதைப் பாடநூலில் படிக்குமுன்னரே பாட்டியிடம் படித்திருந்தார்.

சமையலிலும் இத்தகைய பாடமொன்று இருந்தது. பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. உயரம் கூடக் கூடக் காற்றின் அமுக்கம் குறைவதால், அங்கே நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. எவ்வளவு நெருப்பு எரித்தாலும் அதற்குமேற் சூடேறாது. நண்பர் மறுநாட் பருப்பை முதலிரவே ஊறவைத்தார். மூடியின்மேற் கல்லொன்றை ஏற்றினார். இரண்டாம் நாட் பருப்பு குழைந்தது. தேங்காய்ச் சம்பலோடு அதை உண்ட சுவை இன்றும் நாவிலுண்டு. இரவில் எண்மரும் மூன்று கம்பளிகளின்கீழ் நெருங்கிப் படுத்தோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகைக்குமேற் குளிரும் என்னும் கணக்கை நம் எலும்புகளே செய்து காட்டின.

மூன்றாம் நாள் இருளிலேயே எழுந்து உலக முடிவு நோக்கி நடந்தோம். ஒன்பது பத்து மணிக்குமேற் கீழிருந்து முகில் ஏறி யாவற்றையும் மறைத்துவிடும் என்பது நண்பரின் எச்சரிக்கை. சிறிய உலக முடிவைக் கடந்து, பெரிய உலக முடிவின் விளிம்பை அடைந்தபோது ஞாயிறு அப்பொழுதுதான் ஏறிக்கொண்டிருந்தது. காலடியில் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தான வீழ்ச்சி. நாம் எழுவரும் தென்கடல் தெரிகின்றதா என்று தூரத்தைத் துருவினோம். நண்பர் மட்டும் நேர்கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தேயிலைத் தோட்டமொன்றின் லயங்கள் தீப்பெட்டிகளாய்த் தோன்றின. “அங்கே என் சித்தப்பா வீடு இருக்கிறது. எந்த லயம் என்று இங்கிருந்து தெரியவில்லை” என்றார். அதன்பின் நாமும் கடலைத் தேடுவதை விட்டு அவ்வீட்டைத் தேடினோம். முகில் ஏறும்வரை தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பும் வழியிற் பேக்கர் நீர்வீழ்ச்சியின் அருகே அமர்ந்திருந்தபோது, மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இம்மலைப்பகுதி தலைநீர் தருகின்றது என்று பேசிக்கொண்டோம். களனி கடலோடு கலக்குமிடம் கொட்டாஞ்சேனைக்கு அப்பாலுள்ள முகத்துவாரம். மாமன் வீட்டிலிருந்து தாம் மாலையில் நடந்து சென்று பார்க்கும் ஆறு தம் ஊர் மலையிலிருந்தே வருகின்றது என்பதை நண்பர் அறிந்திருந்தார். நம்மில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. 1873 இல் தாவரவியலறிஞர் சேர் யோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது விடவேண்டும் என்று அறிவுரை கூறினார். அவ்வறிவுரை ஏற்கப்பட்டிராவிடின் அவ்வெளியும் தேயிலையாய் மாறியிருக்கும். நம் ஊர் ஆற்றின் கதி என்னவாயிருக்கும் என்பதை யாரறிவர்?

இறங்கும் வழியிற் கம்பளிகளைத் திருப்பிக் கொடுக்க லயத்துக்குச் சென்றோம். அப்போதுதான் அவ்வீட்டில் இருந்த கம்பளிகள் நான்கே என்பதை அறிந்தோம். ஆறு பேர் வாழ்ந்த வீடு. அம்மாயி அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நல்லாத் தூங்கினீங்களா தம்பி” என்று மட்டும் கேட்டார்.

இதன்பின் நிகழ்ந்ததை நாட்டின் வரலாறு அறியும். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்திடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. நண்பரின் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. 1972 இல் ஒருநாட் கோட்டைப் புகையிரத நிலையத்தில் நாம் எழுவரும் அவரை மீண்டும் வழியனுப்ப நின்றோம். இம்முறை வண்டி தலைமன்னாருக்கு. அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அம்மாயி நம்மைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டார். தகரப்பெட்டியின்மேல் கம்பளிகள் மடித்துக் கட்டப்பட்டிருந்தன.

ஓராண்டு கழித்து நீலகிரியிலிருந்து கடிதம் வந்தது. தாயகம் திரும்பியோருக்கென அமைக்கப்பட்ட அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் நண்பருக்கு வேலை. அவர் எழுதியதன் சாரம் இது: அங்கும் புல்வெளிக்கு நடுவே பள்ளங்களிற் குறுங்காடு, அங்கும் நம் சமவெளியில் நின்ற அதே செம்மலர் மரம், அங்கும் சனவரியிற் பள்ளத்திலேதான் உறைபனி. மரங்களுக்கு எந்த நாட்டினவென்று எவரும் கேட்பதில்லை என்று முடித்திருந்தார். தாவரவியலாரும் இதையே கூறுவர்: ரொடொடென்றன் எனப்படும் அச்செம்மலர் மரம் நீலகிரியிலும் நம் மலையிலும் வளரும் ஓரினமே. 1980களின் நடுவிற் கடிதங்கள் நின்றன. 1983 க்குப் பின் நம் முகவரிகளும் மாறின. கொழும்பில் எஞ்சியவர் இருவரே.

சமவெளி 1969 டிசம்பரிற் சரணாலயமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அண்மையிற் பேரப்பிள்ளைகளோடு மீண்டும் சென்றோம். இன்று நினைத்த இடத்திற் கூடாரமடிக்க இயலாது. வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிந்து, குறித்த இடத்திலேயே தங்கவேண்டும். பொலித்தீன் உறைகளை வாயிலிலேயே களைந்துவிடுகின்றனர். இவை நல்ல விதிகள். மரங்கள் பல உச்சியிலிருந்து பட்டுவருவதைக் காண மட்டும் மனம் வருந்திற்று. பழைய பள்ளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். விடியலில் அது வெண்மையாகவே இருந்தது.

நாடற்றோராய் எஞ்சியவர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. அது நண்பரின் குடும்பத்துக்குப் பிந்திய நீதி. ஆயினும் ஒன்று நம் கையில் இருக்கின்றது. இவ்விழாவையொட்டிப் பழைய மாணவர் பெயரேடு புதுப்பிக்கப்படுகின்றது. இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முகவரிகள் அதில் நிறைய வரும். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் முகவரிகளும் அதில் வரவேண்டும். அந்நாளில் நம்மோடு படித்து, தலைமன்னார்க் கப்பலில் ஏறியோரை அறிந்த பழைய மாணவர் எவரேனும் இருப்பின், பெயரையும் இறுதியாக அறிந்த ஊரையும் சங்கத்துக்கு எழுதி உதவுமாறு வேண்டுகின்றோம். முதற் பெயரை நாம் ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இன்றைய மாணவர்க்கு ஒரு சொல். மலைக்குச் செல்லுங்கள். கம்பளியும் காய்ந்த விறகும் கொண்டு செல்லுங்கள், மேட்டிலே கூடாரமடியுங்கள், பருப்பை முதலிரவே ஊறவையுங்கள். உங்கள் வகுப்பின் பின்வரிசையில் மலையிலிருந்து வந்து, அதிகம் பேசாத ஒருவர் இருப்பாராயின், வழியை அவரிடமே கேளுங்கள்.